எந்த மேனுவலை நம்பி பானெட்டைத் திறப்பது?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு 2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஷெட்டுக்குப் போனால், "நீங்க சேர்ல உட்காருங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பில்லைக் காட்டுகிறார்கள். ஆயில், ஃபில்டர், பிளக், முன் பிரேக் பேட் வரைக்குமாவது நானே செய்து பழக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கு ஒரு நல்ல ரிப்பேர் மேனுவல் வேண்டும். ஆன்லைனில் ஒருவர் "இந்தியாவின் எல்லாக் கார்களின் சர்வீஸ் மேனுவல்" என்று 600 ரூபாய்க்கு பென் டிரைவ் விற்கிறார். லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே ஸ்விஃப்டுக்கான மேனுவல் தேடி வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். யூடியூப் போதும் என்கிறார் கணவர். எதை நம்புவது? மேனுவலை போனில் வைத்துக்கொண்டால் போதுமா, தாளில்தான் வேண்டுமா?
— ஆர்.வி., கோபிசெட்டிபாளையம்

பதில்:

வணக்கம் டீச்சர்.

முதல் வேலையாக உங்கள் தம்பிக்கு போன் போட்டு, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் அனுப்பும் புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது உங்கள் காருக்கான புத்தகமாக இருக்காது.

காரணம் இன்ஜின். உங்கள் காரில் இருப்பது கே12எம், 1197 சிசி. அதே தலைமுறை ஸ்விஃப்ட் இங்கிலாந்தில் 1.2 என்று விற்கப்பட்டபோது உள்ளே இருந்தது கே12பி, 1242 சிசி. பெயர் ஒன்று, வெளித்தோற்றம் ஒன்று, பானெட்டைத் திறந்தால் பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் இன்ஜின் வேறு. நம் நாட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் சின்னக் கார் என்று அப்போது கலால் வரி குறைவாக இருந்தது. அந்தக் கோட்டுக்குள் வரும் அளவில் இங்கே இன்ஜின் அமைந்தது. அதற்கு முந்தைய தலைமுறையிலும் இதே கதைதான். 2005இல் இங்கே வந்த ஸ்விஃப்டில் 1298 சிசி இன்ஜின், வெளிநாட்டு 1.3இல் 1328 சிசி. இன்ஜினோடு நிற்பதும் இல்லை. வெளிநாட்டு ஸ்விஃப்ட் பலவற்றில் பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டு, உங்களுடையதில் பின்னால் டிரம். அந்தப் புத்தகத்தின் பிரேக் அத்தியாயத்தைப் பார்த்து பின் சக்கரத்தைக் கழற்றினால், படத்தில் இருப்பது அங்கே இருக்காது.

அப்படியென்றால் மேனுவல் தேடுவதற்கு முன் உங்கள் கார் எது என்று சரியாகத் தெரிய வேண்டும். "ஸ்விஃப்ட் 2014" என்பது போதாது. ஆர்.சி.யை எடுங்கள். இன்ஜின் நம்பர் கே12எம் என்று தொடங்குகிறதா பாருங்கள். சேஸிஸ் நம்பர் எம்ஏ3 என்று தொடங்கினால் மாருதி இங்கே தயாரித்த வண்டி. அப்புறம் தயாரித்த மாதம். இது உங்கள் விஷயத்தில் கொஞ்சம் முக்கியம். ஏனென்றால் 2014 கடைசியில் ஸ்விஃப்டுக்கு ஃபேஸ்லிஃப்ட் வந்தது. வருடத் தொடக்கத்து வண்டி பழைய முகம், வருடக் கடைசி வண்டி புதிய முகமாக இருக்கலாம். ஆயில் மாற்ற இது பெரிய வித்தியாசம் இல்லை. பம்பர், ஃபாக் லேம்ப், வயரிங் என்று போகும்போது வித்தியாசம் தெரியும். இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேனுவலோ பார்ட்ஸோ, எதை வாங்கப் போனாலும் அந்தச் சீட்டுதான் பேச வேண்டும்.

சரி, இப்போது மேனுவல். ரிப்பேர் மேனுவல் என்று கடையில் கேட்டால் நான்கு விதமான சரக்கைக் காட்டுவார்கள். நான்கும் நான்கு வேலைக்கானவை.

ஒன்று உங்களிடமே இருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். டாஷ்போர்டு பெட்டிக்குள் இன்ஷூரன்ஸ் பேப்பருக்கும் பழைய டோல் ரசீதுக்கும் அடியில் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவல். செகண்ட் ஹேண்ட் வண்டியில் பல நேரம் அது காணாமல் போயிருக்கும். போயிருந்தால் கம்பெனி இணையதளத்தில் தேடுங்கள், இல்லாவிட்டால் டீலரிடம் கேளுங்கள். உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். யாரும் இதைப் புத்தகமாக மதிப்பதில்லை. எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படாமல் இருக்கும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளில் பாதிக்கு வேண்டிய எண்கள் அதில்தான் இருக்கின்றன: எந்தக் கிரேடு ஆயில், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், கூலண்ட் எவ்வளவு, பிளக் என்ன வகை, பல்ப் எத்தனை வாட், ஃபியூஸ் எது எதற்கு, சக்கர நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், ஜாக்கியை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும், எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும். அந்தக் கடைசி அட்டவணை ஒன்றுக்காகவே அதைப் படிக்கலாம். ஷெட்டில் நீட்டும் பில்லில் எது வேண்டிய வேலை, எது வேண்டாத வேலை என்று அது சொல்லிவிடும்.

இரண்டாவது, கம்பெனி தன் டீலர் ஒர்க்‌ஷாப்புகளுக்காக வெளியிடும் சர்வீஸ் மேனுவல். நீங்கள் தேடுவது உண்மையில் இதைத்தான். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்க வேண்டிய முறுக்கு அளவு), எந்தப் பாகத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது, பிரேக் பேட் எந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும், டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்பதெல்லாம் இதில்தான் முழுமையாக இருக்கும். ஆனால் இது மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றவருக்கு எழுதப்பட்டது. "காலிப்பரைக் கழற்றவும்" (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) என்று ஒரே வரியில் போய்விடும். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும் என்பது தெரிந்த ஆளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, வெளியார் எழுதும் மேனுவல்கள். இங்கிலாந்தில் ஹெய்ன்ஸ், அமெரிக்காவில் சில்டன் என்பவை பெயர் பெற்றவை. ஜான் ஹெய்ன்ஸ் தொடங்கிய வரிசையில் முதல் மேனுவல் 1966இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்கு வந்தது. ஒரு வண்டியை நிஜமாகவே முழுக்கக் கழற்றி மறுபடி பூட்டி, அதைப் படமெடுத்துப் புத்தகமாக்குவது அவர்கள் முறை. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு கஷ்டம் என்று ஒன்று முதல் ஐந்து ஸ்பானர் படம் போட்டிருப்பார்கள். வீட்டு வாசலில் நின்று வேலை செய்பவரை நினைத்து எழுதியவை என்பதால் கம்பெனி மேனுவலை விடத் தோழமையாக இருக்கும். குறை ஒன்றுதான்: அந்த நாட்டில் ஓடும் கார்களுக்கு எழுதியவை. 2020 கடைசியில், புதிய கார்களுக்கு இனி அச்சில் மேனுவல் போடப்போவதில்லை என்றும் ஹெய்ன்ஸ் அறிவித்துவிட்டது.

ஒரு காலத்தில் பிரிட்டிஷ் புத்தகம் இங்கே கைகொடுத்தது உண்டு. அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் மூன்றின் வழிவந்த வண்டி, பத்மினி என்பது ஃபியட் 1100. அந்தக் கார்களின் வெளிநாட்டு மேனுவலை வைத்துக்கொண்டு இங்கே பெரும்பாலான வேலையைச் செய்ய முடிந்தது. அதிலும் ஒரு எல்லை இருந்தது. பின்னாளில் அம்பாசடரில் இசுசு 1800 இன்ஜின் வந்ததும், மோரிஸ் புத்தகத்தின் இன்ஜின் பக்கங்கள் அந்த வண்டிக்குச் செல்லாத பக்கங்கள் ஆகிவிட்டன. பாடி அப்படியே இருந்தது. புத்தகம் பாதி செத்துப்போனது. உங்கள் தம்பியின் யோசனையும் அந்த வகைதான்.

நான்காவது, பார்ட்ஸ் கேட்டலாக். பாகங்களைப் பிரித்துப் பரப்பிய படமும் பார்ட் நம்பரும் இருக்கும். எப்படிக் கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது எதுவும் இருக்காது. சர்வீஸ் மேனுவல் என்ற பெயரில் இதைத் தலையில் கட்டுவது சகஜம். பார்ட் வாங்கும்போது மிகவும் உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது அந்த 600 ரூபாய் பென் டிரைவ். வேண்டாம். கம்பெனிக்குச் சொந்தமான மேனுவலைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்பது ஒரு பக்கம். அதைத் தவிர்த்துப் பார்த்தாலும் சரக்கு மோசம். "எல்லாக் கார்களும்" என்று சொல்லும் அந்த வகைத் தொகுப்புகளில் நான் பார்த்தவரை பாதி வெளிநாட்டு மாடல்களின் மேனுவல், மீதியில் பாதி பார்ட்ஸ் கேட்டலாக். இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனிகள் ஒரு மாடலுக்கு முதலில் முழு மேனுவல் ஒன்றை வெளியிடும். பின்னால் வண்டியில் மாறுதல் செய்யும்போது மாறிய பகுதியை மட்டும் துணை மேனுவலாக வெளியிடும். மற்றதற்கு மூல மேனுவலைப் பார்க்கவும் என்று ஒரு வரி போட்டிருக்கும். பென் டிரைவில் துணை மட்டும் இருந்து மூலம் இல்லாவிட்டால், உங்களுக்கு வேண்டிய எல்லாப் பக்கத்திலும் அந்த ஒரு வரிதான் இருக்கும். மூலம் மட்டும் இருந்து துணை இல்லாவிட்டால் இன்னும் மோசம். எண்கள் எல்லாம் கச்சிதமாக இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியவையாக இருக்காது. பென் டிரைவோடு வைரஸ் இலவசமாக வருவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நேர்வழியில் சர்வீஸ் மேனுவல் வாங்குவது நம் நாட்டில் சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் கம்பெனிகள் ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் தொழில்நுட்ப மேனுவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் வைத்திருப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மாருதியும் அந்தப் பட்டியலில் இருந்தது. கம்பெனிகள் எதிர்த்து வழக்காடப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை "ரைட் டு ரிப்பேர்" என்று ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. கம்பெனிகள் தரும் மேனுவல், பார்ட்ஸ், சர்வீஸ் தகவல்களை ஒரே இடத்தில் சேர்ப்பது நோக்கம். அங்கே முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஓனர்ஸ் மேனுவல் அளவிலேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம், அதனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அடுத்து, டீலர் சர்வீஸ் சென்டருக்கே போய், கவுன்டரில் இருக்கும் பையனிடம் கேட்காமல் சர்வீஸ் மேனேஜரிடம் கேளுங்கள். என்னென்ன வேலைக்கு எந்த எண்கள் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். முழு மேனுவல் தர மாட்டேன் என்பவர்கூட, ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) டிரெயின் போல்ட், பிளக், காலிப்பர் போல்ட் ஆகியவற்றின் டார்க் என்ன, பேடின் குறைந்தபட்ச அளவு என்ன என்று கேட்டால் திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அவ்வளவுதான். இன்ஜினையே இறக்கப் போவதில்லையே.

எந்த வழியில் எந்த மேனுவல் கைக்கு வந்தாலும் நம்புவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். முதல் பக்கங்களில் இன்ஜின் வகை கே12எம் என்று இருக்கிறதா? பிறகு, ஓனர்ஸ் மேனுவலில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்களை எடுத்து இதில் தேடுங்கள். ஃபில்டரோடு ஆயில் அளவு, சக்கர நட்டு டார்க், கூலண்ட் அளவு, பிளக் நம்பர். நான்கும் ஒத்துப்போனால் மேற்கொண்டு நம்பலாம். ஒன்று பிசகினாலும், அந்த மேனுவல் உங்கள் வண்டிக்கானது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த விடையில் தவறும் புத்தகத்தைத் தெரியாத விடைக்கு நம்ப முடியாது. ஆய்வகத்தில் தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்க்கச் சொல்வீர்களே, அதே வேலைதான். கடைசியாக, பானெட்டைத் திறந்து, மேனுவலில் உள்ள ஏதாவது ஒரு படத்தைக் கண்ணெதிரே இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள், பேட்டரி இருக்கும் பக்கம், ஆயில் டிப் ஸ்டிக் இருக்கும் இடம். படம் பொருந்தாவிட்டால் மூடி வைத்துவிடலாம்.

டார்க்கைப் பற்றி உங்களிடம் பாடம் நடத்த வேண்டியதில்லை. விசையைக் கையின் நீளத்தால் பெருக்குவது. ஆனால் மேனுவல்களில் அலகு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஜப்பானிய வழி வந்த மேனுவல்களில் நியூட்டன் மீட்டரும் கிலோ மீட்டரும் (கிலோகிராம் விசை பெருக்கல் மீட்டர், ஷெட்டில் பேச்சுக்குக் "கிலோ" என்போம்) பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிரிட்டிஷ், அமெரிக்கப் புத்தகங்களில் அடி பவுண்டு. சின்ன போல்ட்டுகளுக்கு இஞ்ச் பவுண்டு. ஒரு போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ மூன்றரை கிலோ, அல்லது 26 அடி பவுண்டு. அதே 35ஐ அடி பவுண்டு என்று படித்து இறுக்கினால் 47 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும். ஆயில் சம்பிலோ அலுமினிய சிலிண்டர் ஹெட்டிலோ இந்த வித்தியாசம் போதும், மரை போய்விடும். மரை போன பிளக் துளைக்கு ஹெலிகாயில் (புது மரையாக வேலை செய்யும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்ய ஆகும் செலவில் உங்கள் ஒரு வருட சர்வீஸையே முடித்திருக்கலாம். நம் ஊர் ஷெட்டுகளில் கை அளவிலேயே இறுக்குவார்கள். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த கைக்கு அது சரியாக வரும். புதிய கைக்கு டார்க் ரெஞ்ச் இல்லாமல் மேனுவல் இருந்தும் பயனில்லை. மேனுவலுக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடுங்கள் என்பேன். 20 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் ஒன்று உங்கள் வேலைகளில் பெரும்பாலானதற்குப் போதும்.

மேனுவலைப் படிக்கும் விதத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். நேராக "ஆயில் மாற்றுதல்" பக்கத்துக்குத் தாவாமல், முதலில் பொதுத் தகவல் பகுதியைப் படியுங்கள். எந்தக் குறி எதைச் சொல்கிறது என்று அங்கேதான் இருக்கும். இந்தக் குறி போட்ட பாகத்தை மறுபடி போடாதே, இந்தக் குறி இருந்தால் சீலன்ட் தடவு, இந்தக் குறிக்குப் பக்கத்தில் டார்க் என்று. டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது என்பது இப்படி ஒரு சின்னக் குறியில்தான் ஒளிந்திருக்கும். சில ரூபாய் வாஷர். அதைப் போடாமல் ஆயில் கசிகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பெஷல் டூல் என்று ஒரு சொல் வரும், அந்த வேலைக்கென்றே கம்பெனி செய்த கருவி அது. சுசுகி மேனுவல்களில் அவற்றின் நம்பர் 09 என்று தொடங்கும். ஒரு வேலையில் அந்த நம்பர் எத்தனை வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். ஆயில் ஃபில்டர் ரெஞ்ச் ஒன்று மட்டும் வந்தால் கவலையில்லை, கடையில் கிடைக்கும் சாதாரண ரெஞ்சே போதும். இரண்டு மூன்று டூல் வரிசையாக வந்தால் அது உங்கள் வீட்டு வாசலில் செய்ய வேண்டிய வேலை இல்லை. மேனுவலின் பெரிய உதவி இதுதான் என்று எனக்குத் தோன்றும்: எதைச் செய்யக் கூடாது என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கிளட்ச், டைமிங் செயின், ஏசி கேஸ், ஏபிஎஸ் யூனிட், ஏர்பேக் இருந்தால் அதன் வயரிங் எதிலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

எல்லா மேனுவலிலும் ஒரு வரி இருக்கும்: கழற்றியதன் தலைகீழ் வரிசையில் மாட்டவும். கேட்க எளிதாக இருக்கும். கழற்றும்போது சேற்றோடு வந்த போல்ட்டைத் துடைக்க வேண்டும், காலிப்பர் பின்னுக்கு அதற்குரிய கிரீஸ் வைக்க வேண்டும், புதிய பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும், தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழியலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கும். எல்லாம் முடிந்து, வண்டியை ஒரு அடி நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது, எதிரே இருப்பது உங்கள் வீட்டுச் சுவராக இருந்தால் அதிர்ஷ்டம்.

உங்கள் கணவர் சொன்ன யூடியூபுக்கு இங்கேதான் இடம். அந்த ஒரு வரிக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க வீடியோ நல்லது. கிளிப்பை எந்தப் பக்கம் அழுத்தினால் கழலும், கை எந்தச் சந்தில் நுழையும் என்பதை எந்தப் புத்தகமும் அவ்வளவு நன்றாகக் காட்டாது. ஆனால் முதலில் மேனுவல், பிறகு வீடியோ. மேனுவலைப் படித்துவிட்டுப் பார்த்தால், வீடியோவில் அவர் எதை விட்டுவிட்டார் என்பது உங்களுக்கே தெரியும். டார்க் ரெஞ்சே இல்லாமல் வேலையை முடிப்பவரின் வீடியோவை ரசிக்கலாம், பின்பற்ற வேண்டாம். கீழே ஸ்டாண்ட் வைக்காமல் வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவரின் வீடியோவை ரசிக்கவும் வேண்டாம்.

அடிப்படையைத் தமிழில் படிக்க ஆசை என்றால், சென்னை கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக வெளியிடும் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பாடநூல்களைப் பாருங்கள். உங்கள் ஸ்விஃப்டைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது, கூலிங் எப்படி ஓடுகிறது என்பது படத்தோடு இருக்கும். கம்பெனி மேனுவல் தெரிந்ததாக எண்ணித் தாண்டிப் போகும் விஷயங்கள் இவை. பக்கத்து ஊரில் ஐ.டி.ஐ. இருந்தால் அங்கே வாத்தியார்களிடம் கேளுங்கள், ஆசிரியைக்கு ஆசிரியர் உதவாமல் போக மாட்டார்.

இன்னொரு சின்னச் செலவு. இங்கே நாலு சக்கர வண்டிகளுக்கு ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துக் கோடாகச் சொல்லும் ஏற்பாடு) இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் கட்டாயமானது, உங்கள் வண்டி அதற்குப் பின்னால் வந்தது. ஆகவே ஸ்டீயரிங் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு புளூடூத் ஸ்கேனர் செருகினால், இன்ஜின் லைட் எரியும்போது என்ன கோட் என்று போனிலேயே தெரியும். கோட் தெரிந்தவுடன் பார்ட் வாங்க ஓடாதீர்கள். பி0300 என்றால் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, என்றுதான் அர்த்தம். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, ஏதோ ஒரு ஹோஸில் காற்று இழுக்கிறதா என்று அது சொல்லாது. சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு கோட்டுக்கும் படிப்படியாக, இது ஆம் என்றால் அங்கே போ, இல்லை என்றால் இங்கே போ என்று அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்க முடிந்தால் ஷெட்டில் "காயில் போச்சு மேடம்" என்று சொல்பவரிடம், எதைச் சோதித்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். அதற்குப் பிறகு உங்களைச் சேரில் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

ஷெட்டை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் கேள்வி கேட்டால் எரிச்சல்படாத ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். முதல்முறை பிரேக் பேட் மாற்றும்போது அவர் பக்கத்தில் நிற்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். கழிவு ஆயிலையும் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து அவரிடமே கொடுத்தால், அவர் டிரம்மில் சேர்த்துவிடுவார்.

போனா, தாளா என்று கேட்டிருந்தீர்கள். தேடுவதற்குப் போன், வேலைக்குத் தாள். ஆயில் கையோடு திரையைத் தொட முடியாது, அதுவும் சரியாக டிரெயின் போல்ட் கழலும் நேரத்தில்தான் திரை அணையும். அன்றைக்குச் செய்யப்போகும் வேலைக்குரிய இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுங்கள். டார்க் எண்களைச் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பானெட்டின் உள்பக்கம் டேப்பால் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலின் கிரேடு, ஃபில்டரின் பார்ட் நம்பர் நான்கையும் எழுதி ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போகலாம்.